உருக்காமல் விட்ட நாகம்

தடார்!

பாதி இறக்கியிருந்த ஷட்டரில் விழுந்த அடியில் அய்யனாரின் கையிலிருந்த டீ கிளாஸ் துள்ளியது. பாதி டீ சட்டைக்கும் பாதி தரைக்குமாகப் பங்கு பிரிந்தது.

தடார்! தடார்!

"அக்கா, கதவைத் தட்டுறாங்களா, கட்டடத்தை இடிக்கிறாங்களா?"

பிரிசில்லா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஊன்றுகோல். வயசானவரு. மாடிப்படி ஏறுறப்போ ஒரு காலை இழுத்துட்டு வந்தாரு. கோவத்துல இருக்காரு. தொற, போ."

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது பிரிசில்லாவின் துப்பறியும் நிலையம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைத் தோண்டிக்கொண்டிருந்தவள், சலித்துப்போய் தனியாகக் கடை போட்டு நாலு வருஷம் ஆகிறது. குமராட்சி மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்த அய்யனார் அவளிடம் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பான் என்பதுதான் அவனுடைய ஒரே தகுதிச் சான்றிதழ்.

ஷட்டரைத் தூக்கினான். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், சின்னப் பையனுக்கு வாங்கியதுபோல் ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ. எழுபதை நெருங்கிய பெரியவர் ஊன்றுகோலை மறுபடி ஓங்கிய நிலையில் நின்றார்.

"பிஞ்சு போற ஷட்டர் சார். தொறந்தாச்சு, இனிமே அடிச்சா அது எனக்குத்தான் விழும்."

பெரியவர் சிரிக்கவில்லை. "சந்தியாகு. சீஃப் இன்ஜினீயர், ரிட்டயர்டு. கப்பல்ல முப்பது வருஷம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வந்த பெண் உள்ளே வரவில்லை. கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை, கையில் மடித்த குடை.

"அவ ஆரோக்கியம்மாள். என் வீட்டுச் சமையல்காரி. திருடனைப் பெத்தவ. இங்க என்ன பேசுறோம்னு அவளும் கேக்கட்டும்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

அய்யனார் அந்த அம்மாவைப் பார்த்தான். அவள் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தியாகு சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூட்டை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே வெள்ளி வில்லை ஒன்று. நடுவில் நாக்கை நீட்டிய ஒரு முகம். அதைச் சுற்றிக் கதிர்கள். பள்ளங்களில் கருமை ஏற்றியிருந்ததால் முகம் இருட்டிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"காசு மாதிரி இருக்கும், ஆனா காசு இல்லை. எந்த அரசாங்கமும் அடிச்சது கிடையாது. சேர்க்கிறவங்களுக்காகவே தனியார் அடிக்கிறது. சுத்த வெள்ளி. ரவுண்டுன்னு சொல்லுவோம். மெக்சிகோ துறைமுகத்துக்குப் போறப்பல்லாம் ஒண்ணு வாங்கினேன். அந்த நாட்டை ஒரு காலத்துல ஆண்ட ஆஸ்டெக் ஜனங்களோட சாமிங்க. மொத்தம் நாலு. இது சூரியன். மழைச் சாமி ஒண்ணு, முட்டைக் கண்ணு. சாவுச் சாமி ஒண்ணு, மண்டை ஓட்டு மூஞ்சி. நாலாவது, இறகு முளைச்ச நாகம். கெட்சால்கோட்டல்."

"அந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கடலூர்லேருந்து சிதம்பரம் போயிடலாம் போலிருக்கே."

"இந்தச் சூரியனுக்கு மனுஷ நெஞ்சு வேணும்." விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில் பெரியவர் ஆரம்பித்தார். "ரத்தத்தோட குடுக்கணும். குடுக்காட்டி மறுநாள் உதிக்க மாட்டாருன்னு அந்த ஜனங்க நம்பினாங்க."

"எங்க ஊர்ல பொங்கல் வச்சாலே வந்துடுவாரு சார்."

"அய்யனார்" என்றாள் பிரிசில்லா. அவன் வாயை மூடிக்கொண்டான்.

விஷயம் இதுதான். முழங்கால் வைத்தியத்துக்காக சந்தியாகு ஒரு வாரம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்தால் நாலு வில்லைகளும் இல்லை. வீட்டில் இருந்தது ஆரோக்கியம்மாளும் அவள் மகன் அன்பரசுவும்தான். அன்பரசு அடுத்த வாரம் மும்பை போய்க் கப்பல் ஏற வேண்டியவன். அதற்காக சந்தியாகுவே வாங்கிக் கொடுத்த சூட்கேஸ் அவர் வீட்டில் தயாராக இருந்தது. சந்தேகம் வந்து திறந்தார். சாக்ஸுக்குள் சூரியன்.

"இவ புருஷன் சூசைராஜ் என் கப்பல்லதான் இன்ஜினுக்கு எண்ணெய் போடுற ஆயில்மேனா இருந்தான். நான்தான் அழைச்சிட்டுப் போனேன். ஒரு ராத்திரி கடல்ல விழுந்துட்டான், உடம்பு கிடைக்கலை. அந்தப் பாவத்துக்குத்தான் இவளுக்குச் சோறு போட்டேன். பையனுக்கும் கப்பல்ல இடம் வாங்கிக் குடுத்தேன். அதுக்குக் கிடைச்ச பரிசு இது."

"பையன் எங்க?"

"வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கான். வேலை கிடைச்சதுக்கு நன்றிக்கடனாம்! திருடிட்டு மாதாகிட்ட போறான் ராஸ்கல். போனையும் அணைச்சு வச்சிருக்கான்."

"போலீசுக்குப் போகலையா?"

"போனா அவனைப் பிடிப்பாங்க. என் ரவுண்டுங்க வராது. எனக்கு முதல்ல அதுங்க வேணும்." தன் செல்போனை அவள் பக்கம் தள்ளினார். "நேத்து ராத்திரி எங்க நாணயம் சேர்க்கிறவங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் இதைப் போட்டிருந்தான். 'இது எந்த நாட்டு நாகக் காசு?'ன்னு. கேட்டா பதிலே இல்லை."

படத்தில் இறகு முளைத்த நாகம். அதன் நெற்றியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. ஓரத்தில் குத்துவிளக்கின் பாதம். பிரிசில்லா படத்தைப் பெரிதாக்கினாள். "பூஜை அலமாரி. நாகத்துக்கு மஞ்சள் வச்சிருக்காங்க. போட்டவர் பேரு தமிழ்மணி. முகப்புப் படத்துல ஒரு வெள்ளிக் கடை, மேல வீதி."

"சிதம்பரம்! என் மக ரீட்டா அங்கதான் டீச்சரா இருக்கா. போய்க் கேளுன்னு சொன்னா, 'அந்தப் பேய்ங்க தொலைஞ்சதே நல்லது, உங்க கால் வலி தீரும்'ங்கிறா." ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். "சாயங்காலம் வரைக்கும் டைம். அதுக்கு மேல நான் ஸ்டேஷன்ல புகார் எழுதிக் குடுத்துடுவேன். கேஸு விழுந்தா பாஸ்போர்ட் முடங்கும். கப்பலாவது, கட்டையாவது!"

அவர் இறங்கிப் போனார். ஆரோக்கியம்மாள் உடனே இறங்கவில்லை. அய்யனார் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

"என் புள்ள எடுக்கல தம்பி" என்றாள்.

"அதைத்தாம்மா கண்டுபிடிக்கப் போறோம்."

"கேஸு போடாட்டியும்... இந்தப் பேரு வந்துடுச்சுன்னா, கப்பல்ல ஏத்திக்க மாட்டாங்கல்ல?"

"ஐயா தன் சிபாரிசை வாபஸ் வாங்கிட்டா ஏத்த மாட்டாங்கம்மா. நீங்க கவலைப்படாதீங்க, அது வரைக்கும் போகாது."

அவள் தண்ணீரைக் குடிக்காமலே டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். பாவம், இடிந்துபோயிருக்கிறாள் என்று அய்யனார் நினைத்துக்கொண்டான்.

* * *

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை சாலையின் ஓரம் முழுக்கக் காவி. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கொடி ஏறும் நேரம். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கிளம்பியவர்கள் கும்பல் கும்பலாக நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மாதா சொரூபம் வைத்த தள்ளுவண்டி, பின்னால் மைக்செட், நடுவில் வெறுங்கால்கள்.

பிரிசில்லாவின் பழைய ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டே அய்யனார் வெளியே கையை நீட்டி, "மரியே வாழ்க!" என்று கத்தினான். கும்பல் மொத்தமும், "மரியே வாழ்க!" என்றது.

"நான் கிறிஸ்டியன். நீ எதுக்குடா கத்துற?"

"அய்யனாருன்னு பேரு வச்சவன் கத்துனா மாதா வேணாம்னா சொல்லப் போறாங்க? சரி சொல்லுங்க, பையன் எடுத்திருப்பானா?"

"நாலு ரவுண்டு எடுத்தவன் ஒண்ணை மட்டும் சாக்ஸ்ல போட்டு, அதுவும் திருட்டுக் குடுத்தவர் வீட்டுலேயே வச்சுட்டு நடந்து போவானா?"

"முட்டாளா இருந்தா?"

"முட்டாளா இருந்தா அந்த நாகம் சிதம்பரம் வரைக்கும் போயிருக்காது."

பரங்கிப்பேட்டை பிரிவைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியபோது அய்யனார் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். பையன் எடுத்திருக்கக் கூடாது. காரணம் எதுவும் இல்லை. அந்த அம்மா தண்ணீரைக் குடிக்காமல் கொடுத்தாளே, அதுதான்.

* * *

மேல வீதியில் தேர்முட்டிக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது தமிழ்மணியின் வெள்ளிக் கடை. கண்ணாடிக்குள் கொலுசு, குங்குமச் சிமிழ், அரைஞாண். இன்னொரு பக்கம், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் தங்க வருகிற நடைபயணிகளுக்காகவே தனித் தட்டு: வெள்ளித் தகட்டில் கண், கை, தொட்டில், வீடு. வேளாங்கண்ணியில் காணிக்கை போட வாங்கிப் போவார்கள்.

தமிழ்மணிக்கு நாற்பது வயது. பிரிசில்லா சொன்னதைக் கேட்டதும் நெற்றியில் வேர்த்தது.

"திருட்டுச் சாமானா? ஐயையோ! நான் யாரையும் ஏமாத்தலைங்க. மூணு வில்லை கொண்டாந்தாங்க. உருக்கி, இதே வெள்ளியில காணிக்கைக்குக் காலு செஞ்சு குடுன்னாங்க. செஞ்சு குடுத்தேன்."

"மூணையும் உருக்கிட்டீங்களா?"

தமிழ்மணி திரும்பிச் சுவரிலிருந்த பூஜை அலமாரியைப் பார்த்தார். அங்கே நடராஜர் படத்துக்குக் கீழே, ஒரு வெற்றிலை மேல் மஞ்சள் பொட்டோடு படுத்திருந்தது இறகு முளைத்த நாகம்.

"ரெண்டை உருக்கினேன். ஒண்ணு மண்டை ஓடு, ஒண்ணு முட்டைக் கண்ணன். அதுங்களைப் போட எனக்கென்ன தயக்கம்? இது நாகம்ங்க. நாகத்தை எப்படி நெருப்புல போடுறது? எம் பொண்ணுக்கு வேற இப்பதான் வரன் பாத்துட்டு இருக்கோம். அந்த எடைக்கு என் சொந்த வெள்ளியைப் போட்டுட்டு இதை எடுத்து வச்சுக்கிட்டேன். என்ன தேசத்து நாகம்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி ஏதாவது செய்யலாமேன்னுதான் குரூப்ல கேட்டேன்."

அய்யனாருக்குச் சிரிப்பு வந்தது. "அக்கா, மெக்சிகோக்காரன் பாம்புக்கு றெக்கை வச்சான். நம்ம ஆளு மஞ்சள் வச்சுட்டாரு. அது பறந்து போயிருந்தா நமக்குத் துப்பே கிடைச்சிருக்காது."

"கொண்டாந்தது யாரு?"

"ஒரு அம்மா. காவிப் புடவை, முக்காடு. நடந்து போறவங்கன்னு நெனச்சேன். முகம் நெனப்பு இல்லை. இந்த வாரத்துல நூறு பேரு வந்து போறாங்க."

"வேற ஏதாவது?"

தமிழ்மணி யோசித்தார். "கிளம்புறப்போ வாசல்ல செருப்புங்க குமிஞ்சு கிடந்துச்சு. அந்த அம்மா தன் செருப்பைத் தேடிட்டு இருந்தாங்க. கடைப் பையன்தான் எடுத்துக் குடுத்தான்."

அய்யனார் சட்டென்று நிமிர்ந்தான். பஸ் படியில் ஏறுகிற கால்களை வருஷக்கணக்காகப் பார்த்தவன். "நடைபயணம் போறவங்களுக்கு ஏதுங்க செருப்பு? வெறுங்கால்ல நடக்கத்தானே நேர்ந்துக்கறாங்க! அக்கா, அது பஸ்ல வந்த காவி. கூட்டத்தோட கூட்டமா கலந்துக்கக் கட்டின வேஷம்."

"இதுக்குத்தான் உனக்குச் சம்பளம்" என்றாள் பிரிசில்லா.

"ரீட்டா டீச்சர்!" அய்யனார் தொடையைத் தட்டினான். "உள்ளூர்ல இருக்காங்க. பேய்ச் சாமின்னு சொல்றாங்க. அப்பாவுக்குக் கால் வலி, அதுக்காகக் காலு செஞ்சு காணிக்கை. முடிஞ்சு போச்சு கேஸு. பையன் தப்பிச்சான்."

"உள்ளூர் டீச்சர் உள்ளூர்க் கடையில வந்து முக்காடு போட்டுக்கிட்டு நின்னா, 'டீச்சர், சௌக்கியமா?'ன்னு நாலு பேரு கேட்டிருப்பாங்க." பிரிசில்லா தமிழ்மணியிடம் திரும்பினாள். "அச்சுல அடிச்ச காலா?"

"இல்லைங்க. அதுதான் வேடிக்கை. முழு அளவுக் காலு கேட்டாங்க, தகட்டுல. ஆம்பளைக் காலு, ரெண்டு பாதம். அளவுக்கு நூல் குடுத்தாங்க." கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒரு சிவப்பு நூலை எடுத்து நீட்டினார். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரைக்குமான அளவில் ஒரு முடிச்சு. "அப்புறம், ரெண்டு பாதத்தையும் ஒரு சின்னச் சங்கிலியால சேர்த்துத் தரச் சொன்னாங்க. கணுக்கால் இருக்கிற எடத்துல. இப்படி ஒரு காணிக்கை நான் செஞ்சதே இல்லை."

பிரிசில்லா நூலை விரலில் சுற்றாமல் நீளவாக்கில் பிடித்துப் பார்த்தாள்.

"அய்யனார், காலையில பெரியவர் ஷூவைப் பாத்தியா?"

பார்த்திருந்தான். சின்னப் பையன் ஷூ. நூல் அதைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தது. ரீட்டா டீச்சர் கேஸிலிருந்து இறங்கிவிட்டாள்.

நாகத்தை வாங்கி ஒரு காகிதத்தில் மடித்தாள் பிரிசில்லா. தமிழ்மணி பின்னாலேயே வாசல்வரை வந்தார். "அந்த மஞ்சளைத் துடைக்காம குடுங்கம்மா. எம் பொண்ணு வரன் இன்னும் முடியலை."

* * *

கொள்ளிடம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பந்தல் போட்டு நடைபயணிகளுக்கு நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடலூர் முதுநகர்க் கும்பல் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது.

அன்பரசுவைத் தேட வேண்டியிருக்கவில்லை. பெரியவர் போனில் அனுப்பிய படத்தில் இருந்ததுபோலவே எல்லோரையும்விட ஒரு தலை உயரம். வெயிலில் கறுத்த முகத்தில் பல் மட்டும் தெரிய, ஒரு கிழவருக்கு மோர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வீட்டில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. போனைத் திருவிழா முடிகிறவரை திறப்பதில்லை என்று வேண்டுதலாம். சந்தியாகு ஐயாவைத் தெரிந்தவர்கள் என்று மட்டும் அய்யனார் சொல்லிக்கொண்டான்.

"மரியே வாழ்க, அண்ணா! ஐயா அனுப்புனாரா? கால் வலி எப்படி இருக்கு அவருக்கு?"

அய்யனார் ஒரு மோர் டம்ளரை எடுத்துக்கொண்டான். "சும்மாத்தான் தம்பி. இந்தப் பக்கம் வந்தோம்."

அவன் மார்பில், காவிச் சட்டைக்கு மேல், மஞ்சள் துணியில் கட்டிய ஒரு பொட்டலம் குறுக்கே தொங்கியது.

"என்னது அது?"

"அம்மா குடுத்த காணிக்கை. பிரிக்காம மாதா காலடியில சேர்த்துடுன்னாங்க." பொட்டலத்தைக் கையால் தட்டிக்கொடுத்தான். லேசாகக் கிணிங் என்றது. "கனமா இருக்கு. என் ஆயுசுக்குத்தான் ஏதோ நேர்ந்திருக்காங்க. கப்பலுக்குப் போறேன்ல, பயம்."

அய்யனார் அவன் கால்களைப் பார்த்தான். பெரிய பாதங்கள். குதிகாலில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்திருந்தது.

பிரிசில்லா ஏற்கெனவே மண்டியிட்டிருந்தாள். கைப்பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்து, "காட்டு தம்பி, சீழ் வச்சுடும்" என்று துடைத்தாள். அவள் இடக்கையில் சிவப்பு நூல். குதிகாலில் ஒரு நுனி, பெருவிரலில் முடிச்சு. இம்மி பிசகவில்லை.

அய்யனார் நூலிலிருந்து பொட்டலத்துக்குப் பார்வையை நகர்த்தினான்.

போச்சு. செருப்பு, காவி, டீச்சர் எல்லாம் அவன் கட்டிக்கொண்ட கோட்டை. கடைக்குப் போன அம்மா யாரோ ஒரு கூலி ஆள். கால் இவனுடையது, வெள்ளி இவன் மார்பிலேயே தொங்குகிறது. பெட்டியிலும் ஒன்று. எந்த இன்ஸ்பெக்டருக்கும் இதற்கு மேல் என்ன வேண்டும்?

பிரிசில்லா பையன் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள். பேண்டுச் சத்தத்தில் அய்யனாருக்குக் கேட்கவில்லை. பையன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். பிரிசில்லா சிரிக்கவில்லை. எழுந்து வந்து வண்டியில் உட்கார்ந்தாள்.

"பொட்டலத்தை வாங்கலையாக்கா?"

"மாதாவுக்கு நேர்ந்ததைப் பிடுங்க எனக்கு மனசு வரலை. வண்டியைத் திருப்பு. பெரியவர் பேனாவைத் தொறக்கிறதுக்குள்ள போகணும்."

கடலூர் வரைக்கும் அய்யனார் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. புதுச்சத்திரம் தாண்டியபோது மட்டும், "நல்ல பையன் மாதிரி இருந்தான்க்கா" என்றான்.

"நல்ல பையன்தான்" என்றாள் பிரிசில்லா. "அதான் கஷ்டமே."

* * *

கடலூர் முதுநகரில் சந்தியாகுவின் வீட்டுக் கூடத்தில் வேளாங்கண்ணி மாதா படத்துக்கு சீரியல் பல்பு போட்டிருந்தது. அதற்கு நேர் கீழே கண்ணாடிப் பெட்டி. உள்ளே நீல வெல்வெட்டில் நாலு வட்டப் பள்ளங்கள். ஒன்றில் மட்டும் சூரியன் திரும்ப வந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

பெரியவர் மேஜையில் எழுதி முடித்த புகார். பக்கத்தில் செல்போன்.

பிரிசில்லா காகிதத்தைப் பிரித்து நாகத்தை வைத்தாள். சந்தியாகு அதை இரண்டு கையாலும் எடுத்தார். கண்ணோரம் ஈரமாகியது. பிறகு கைக்குட்டையால் மஞ்சளை அழுத்தித் துடைத்தார். "காட்டுமிராண்டிப் பசங்க. ஃபினிஷைக் கெடுத்துட்டானுங்க. மத்த ரெண்டு?"

"காலா மாறிடுச்சு."

"என்ன?"

"உருக்கி, ஒரு ஜோடி வெள்ளிப் பாதம் செஞ்சிருக்காங்க. வேளாங்கண்ணிக்குப் போயிட்டு இருக்கு." சிவப்பு நூலை மேஜையில் நீட்டி வைத்தாள். "இது அளவு. அன்பரசு காலுக்குச் சரியா இருக்கு. பொட்டலமும் அவன்கிட்டதான் இருக்கு."

"அப்போ அவன்தான்!" பெரியவர் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். "நான் சொல்லலை? அப்பன் பேரு கெட்டுது இவனால. கப்பலாம் கப்பல்!" செல்போனை எடுத்து எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

சமையலறை வாசலில் ஆரோக்கியம்மாள் காபித் தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. இப்போது கதறிக்கொண்டு பெரியவர் காலில் விழுவாள் என்று அய்யனார் எதிர்பார்த்தான். அவள் விழவில்லை. தட்டில் இருந்த கோப்பைகள்கூட ஆடவில்லை.

"போன் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க சார்" என்றாள் பிரிசில்லா. "அந்த ரெண்டு பாதத்தையும் சங்கிலி போட்டுப் பிணைச்சிருக்கு. கப்பலுக்குப் போகத் துடிக்கிற ஒரு பையன், தன் காலுக்குத் தானே விலங்கு செஞ்சு மாதாகிட்ட கொண்டு போவானா?"

சந்தியாகுவின் விரல் நின்றது.

"கால் வலிக்கு நேர்ந்தா வெறும் காலு போதும். சங்கிலி எதுக்கு? அந்தக் கால் எங்கேயும் போகக் கூடாதுன்னு நேர்ந்திருக்காங்க. பையன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: உன் காலுக்கு யாராவது நூல் பிடிச்சாங்களான்னு. சிரிச்சான். ஒரு ராத்திரி முழிச்சுப் பாத்தா, அம்மா காலடியில உக்காந்து நூல் பிடிச்சுட்டு இருந்தாங்களாம். 'கப்பல்ல ஷூ குடுப்பாங்களாமே, அளவு சரியா இருக்கணும்'னு சொன்னாங்களாம்."

கூடத்தில் சீரியல் பல்பு மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது.

அய்யனாருக்குக் காலையில் மாடிப்படியில் கேட்ட கேள்வி இப்போதுதான் காதில் விழுந்தது. கப்பல்ல ஏத்திக்க மாட்டாங்கல்ல? அவள் பயந்து கேட்கவில்லை. ஆசையாகக் கேட்டிருக்கிறாள். அவனோ, கவலைப்படாதீங்க என்று ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறான்.

சந்தியாகு மெதுவாகத் திரும்பினார். "நீயா?"

ஆரோக்கியம்மாள் காபியை அவர் முன்னால் வைத்தாள். தினமும் வைக்கிற அதே இடத்தில், கைப்பிடி அவர் வலக்கைப் பக்கம் இருக்கும்படி.

"ஐயா கப்பல் வேணாம்னு சொல்லிடுவீங்கன்னுதான் பொட்டியில வச்சேன்" என்றாள். குரலில் அழுகை இல்லை. "போலீசுன்னு சொல்வீங்கன்னு நெனைக்கல."

"நெனைக்கலையா? உன் புள்ளைக்கு நான் ஒரு வாழ்க்கை குடுத்தேன்டி! உன் புருஷன் இருந்த எடத்துல அவனை நிறுத்தினேன்!" பெரியவர் காபியை நகர்த்திவிட்டு எழுந்தார். "வெள்ளி வேணும்னா எடுத்துட்டுப் போயிருக்கலாம். பெத்தவ யாராவது பெத்த புள்ளை பெட்டியில திருட்டுச் சாமானைப் போடுவாளா? காலையில நான் ஸ்டேஷன்னு சொன்னப்பவே நீ வாயைத் தொறந்திருக்கலாம்ல? ஏன் தொறக்கலை? அவன் ஜெயிலுக்குப் போவான்னு உனக்குத் தெரியாதா?"

ஆரோக்கியம்மாள் கண்ணாடிப் பெட்டிக்குள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"தெரியும்ங்க ஐயா. ஜெயில்னா மனு போட்டுப் போயி மொகத்தப் பாத்துட்டாவது வரலாம். நீங்க அழைச்சிட்டுப் போன எங்க வூட்டுக்காரரப் பாக்க, இத்தினி வருசமா நான் எந்தக் கடல்ல போயி மனு போடுறது?"